காண ஒன்று, காட்ட ஒன்று

தென்கிழக்கு இங்கிலாந்தில் ஆயிரம் அடியைத் தொடும் குன்று ஒன்றுகூட இல்லை. உயரத்தில் முதலிடம் வால்பரி குன்றுக்கு. 297 மீட்டர், அதாவது ஏறத்தாழ 974 அடி. அடுத்தது சர்ரே மாவட்டத்து லீத் ஹில், 294 மீட்டர். மேற்கே காட்ஸ்வொல்ட்ஸ் பக்கம் போனால் சற்றுக் கூடும்: கிளீவ் குன்று 330 மீட்டர், பிராட்வே குன்று 312 மீட்டர். இவற்றில் ஏறக் கயிறும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம். சேற்றைத் தாங்கும் காலணியும் அரை நாள் அவகாசமும் இருந்தால் போதும். நிலம் அலையலையாக எழுந்து தாழ்கிறது. ஒரு மேடு முடியுமுன்னே அடுத்தது தொடங்கிவிடுகிறது.

இத்தகைய நிலத்தில் உச்சியை அடைந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் இந்தக் குன்றுகளின் தலை கூம்பாக இருப்பதில்லை, உருண்டிருக்கிறது. நாம் நிற்கும் புடைப்பே அடிவாரத்தை மறைக்கிறது. மிச்சத்தை மரங்கள் மறைக்கின்றன. அதனால்தான் இங்கே கோபுரத்துக்கு வேலை இருக்கிறது. 294 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் சுமார் 61 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். அதற்கு மேல் இருபது மீட்டர் கோபுரத்தில் ஏறினால் 63 கிலோமீட்டர். தொலைவில் கிடைக்கும் லாபம் இரண்டே கிலோமீட்டர். உண்மையான லாபம் அருகில் இருக்கிறது: மரத்தலைகள் காலுக்குக் கீழே போய்விடும், குன்றின் புடைப்பு வழிவிடும், நடந்து வந்த பாதை துண்டுதுண்டாகப் புலப்படும்.

லீத் ஹில் கோபுரத்தையும் பிராட்வே கோபுரத்தையும் ஒப்பிடத் தூண்டுவது அவற்றின் ஒற்றுமைதான். இரண்டும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்தவை. லீத் ஹில் கோபுரம் 64 அடி, பிராட்வே கோபுரம் 65 அடி. இரண்டும் வசதி படைத்தவர்கள் தங்கள் விருப்பத்துக்காகக் கட்டியவை. கோட்டை போலத் தோன்றினாலும் இரண்டும் எந்தப் படையையும் எதிர்த்து நின்றதில்லை. ஒவ்வொன்றையும் ஒரு நெடுந்தூர நடைபாதை தொட்டுச் செல்கிறது. இத்தனை ஒத்துப்போகிறவை, எதற்காகக் கட்டப்பட்டன என்ற ஒரே கேள்வியில் எதிரெதிர்த் திசையில் பிரிகின்றன. லீத் ஹில்லில் இருப்பது ஏறிநின்று காண்பதற்கான கோபுரம். பிராட்வேயில் இருப்பது தொலைவிலிருந்து காணப்படுவதற்கான கோபுரம். இன்று அந்தப் பாதைகளில் நடப்பவர் கால்வரைக்கும் இந்த வேறுபாடு வந்து சேர்கிறது.

லீத் ஹில் கோபுரத்தைக் கட்டியவர் ரிச்சர்ட் ஹல். குன்றின் தென்சரிவில் இருக்கும் லீத் ஹில் பிளேஸ் என்ற மாளிகையின் உரிமையாளர், சட்டம் படித்தவர், அயர்லாந்து நாடாளுமன்றத்தில் இருந்தவர். 1765இல், தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில், குன்றின் உச்சியில் இரண்டு அறைகள் கொண்ட கோபுரத்தை எழுப்பினார். குன்று ஆயிரம் அடிக்கு முப்பத்தைந்து அடி குறைவு; அந்தக் குறையை நிரப்பவே கட்டினார் என்று சொல்வதுண்டு. அதைவிட முக்கியமானது சுவரில் அவர் பதித்த லத்தீன் கல்வெட்டு. அது வழிப்போக்கரை விளித்துப் பேசுகிறது. இந்த அழகிய நாட்டை அகலக் காண்பதற்காகவே கோபுரம் எழுந்தது என்றும், தம் இன்பத்துக்காக மட்டுமின்றி அக்கம்பக்கத்தாருக்கும் எல்லா மனிதருக்கும் பயன்படவே அவர் இதைக் கட்டினார் என்றும் தெரிவிக்கிறது. வருகிறவர்கள் பார்ப்பதற்கென்று தொலைநோக்கிக் கண்ணாடிகளையும் அங்கே வைத்திருந்தார். 1772இல் இறந்தபோது, அவர் விரும்பியபடியே கோபுரத்துக்கு அடியில் புதைத்தார்கள்.

நிலவுடைமையாளர்கள் தங்கள் பூங்காக்களைச் சுற்றி மதில் எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஊர்ப் பொதுநிலங்கள் நாடாளுமன்றச் சட்டங்களால் ஒன்றன்பின் ஒன்றாக வேலிக்குள் போய்க்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் ஒருவர் முன்பின் அறியாதவரை அழைத்து, ஏறிப் பார் என்று கல்லில் எழுதி வைத்தார். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அழைப்புக்காகவே இந்தக் கோபுரத்தின் மேல் எனக்குப் பற்று அதிகம்.

பிராட்வேயின் கதை வேறு. வூஸ்டர்ஷயர் சமவெளியில் குரூம் கோர்ட் என்ற மாளிகை இருக்கிறது; அப்போது கவென்ட்ரி பிரபுக்களின் இருப்பிடம். அதன் பூங்காவை 1750களில் வடிவமைத்தவர் ‘கேப்பபிலிட்டி’ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட லான்சலாட் பிரவுன். அங்கிருந்து பிராட்வே குன்று நேர்க்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர். அந்தக் குன்றில் தீ மூட்டினால் தன் வீட்டிலிருந்து தெரியுமா என்று கவென்ட்ரி சீமாட்டிக்கு ஓர் ஆவல். மூட்டிப் பார்த்தார்கள், தெரிந்தது. தீ தெரிந்த இடத்தில் கோபுரம் நிற்க வேண்டும் என்று முடிவாயிற்று. அங்கே ஒரு கட்டடம் வேண்டும் என்ற எண்ணம் பிரவுனுடையது என்பார்கள். ஆனால் அவர் 1783லேயே இறந்துவிட்டார். வரைபடம் தந்தவர் ஜேம்ஸ் வயட். 1798-99இல் கோபுரம் எழுந்தது.

இந்த நோக்கம் கட்டடத்தின் உருவத்திலேயே தெரிகிறது. அறுகோண உடல், அதை ஒட்டி மூன்று வட்டச் சிறுகோபுரங்கள், மேலே கோட்டை மதில் போன்ற பல்வரிசை, நீர் உமிழும் பூத உருவங்கள். தொலைவிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் வான்கோட்டில் அதன் நிழலுரு பிசகாமல் நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. லீத் ஹில் கோபுரமோ சதுரம். ஒரு மூலையில் படிக்கட்டுத் தூண், தலையில் பல்வரிசை, அவ்வளவுதான். அருகில் போய்ப் பார்த்தால் கரடுமுரடான உள்ளூர்க் கல். அதன் அழகு அதன்மேல் நிற்பவருடைய கண்ணுக்கு முன்னால் விரிவது. சுவரில் தேட வேண்டியதில்லை.

இனி நடை.

லீத் ஹில்லுக்கு வழிகள் பல. டார்கிங் நகரத்துக்குத் தெற்கே கோல்ட்ஹார்பர் என்ற சிற்றூரிலிருந்து கிளம்புவது எளிது; ஹோம்வுட் ரயில் நிலையத்திலிருந்து நடப்பது நீளம். எந்த வழியில் போனாலும் அனுபவம் ஒன்றே: கடைசி வரை கோபுரம் கண்ணில் படாது. பைன், பிர்ச், ஹோலி மரங்களுக்கு நடுவே மணற்பாதை. மண்ணுக்குக் காரணம் அடியில் இருக்கும் பாறை. கிரீன்சேண்ட் எனப்படும் கடல்வழி மணற்கல் அது. கடினமான செர்ட் கல் படுகைகள் இடையிடையே இருப்பதால் அரிப்பைத் தாங்கி முதுகாக எழுந்து நிற்கிறது. மழைநீர் சட்டென இறங்கிவிடும், ஆகவே மார்கழியிலும் பாதை ஓரளவு உலர்ந்திருக்கும். தெற்குப் பக்கம் நிலைமை தலைகீழ். மணற்கல்லுக்குக் கீழே களிமண். அதன்மேல் கல் சறுக்கிப் பழங்காலத்தில் பெரிய நிலச்சரிவுகள் நிகழ்ந்திருக்கின்றன. அந்தப் பக்கமிருந்து ஏறுகிறவர்களுக்கு மூச்சு வாங்கும்.

மரங்களுக்குள் நடக்கும்போது கண்ணுக்கு இலக்கு கிடையாது. எங்கே போகிறோம் என்பதைக் கால் மட்டும் அறியும். சரிவு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே அடையாளம். பிறகு திடீரென்று மரங்கள் விலகுகின்றன. பத்தடி முன்னால் கோபுரம். அதற்கப்பால் தெற்கே ஒன்றுமே இல்லை, வெறும் வெளி. வீல்டு எனப்படும் தாழ்நிலம் காடும் வயலுமாகக் கிடக்கிறது. அதன் கோடியில் சவுத் டவுன்ஸ் சுண்ணக் குன்றுகளின் நீலக்கோடு. அந்தக் கோட்டில் ஷோரம் என்ற இடத்தில் ஆறு வெட்டிய இடைவெளி. தெளிந்த நாளில் அதன் வழியே ஆங்கிலக் கால்வாய் தெரியும். நண்பகல் சூரியன் தெற்கே நிற்கும்போது அந்த இடைவெளி மட்டும் உலோகத் தகடு போல் மின்னுவதைக் கண்டு, அது கடல் என்று அறிந்துகொள்ளலாம். வடக்கைப் பார்க்கத்தான் கோபுரத்தில் ஏற வேண்டும். நார்த் டவுன்ஸ் முதுகுக்கு மேலே லண்டனின் உயர்ந்த கட்டடங்கள் சிறு குச்சிகளாக நிற்கும். ஒரே தளத்திலிருந்து தலைநகரையும் கடலையும் பார்ப்பது, ஹல் தாம் கட்டியதற்கு வேறு காரணம் சொல்லத் தேவையில்லாத காட்சி.

பிராட்வே நடை இதற்கு நேர்மாறு. ஊரின் தேன்நிறக் கல் வீடுகளைத் தாண்டி, பெருந்தெருவின் மேல்கோடியில் வயலுக்குள் திரும்பியதும் இலக்கு தெரியத் தொடங்கிவிடுகிறது. பாதை திறந்த மேய்ச்சல் நிலத்தின் வழியே ஏறுகிறது. ஆடுகள் தாண்ட முடியாமல் ஆள் மட்டும் நுழையும் வளைகதவுகள், ஏறிக் கடக்கும் மரப்படிகள். சில வயல்களில் மாலை வெயில் சாய்வாக விழுந்தால், இடைக்கால உழவின் மேடுபள்ளங்கள் இன்னும் புல்லுக்கு அடியில் வரிவரியாகத் தெரியும். இரண்டு, மூன்று கிலோமீட்டர் தொலைவுக்குள் இருநூறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கிறது. மென்மையான நாடு என்று நம்பி வந்தவருக்கு நடுவில் நிற்கத் தோன்றும். நிமிர்ந்தால் கோபுரம் முன்னால் இருக்கிறது. மறுபடி நடந்து நிமிர்ந்தால், முன்பு இருந்த அதே தொலைவில் இருப்பதாகவே தோன்றுகிறது. குன்றின் தோள் சிலவேளை அதை மறைத்துப் பின் விடுகிறது. இலக்கை முழுநேரமும் காட்டும் பாதையில் ஏறுகிறவர் தம் களைப்பையும் முழுநேரமும் அளந்துகொண்டே ஏறுகிறார்.

இன்னொரு வழியும் உண்டு. சிப்பிங் கேம்ப்டனிலிருந்து பாத் நகரம் வரை போகும் 164 கிலோமீட்டர் காட்ஸ்வொல்ட் வே, தன் முதல் நாள் நடையிலேயே இந்தக் கோபுரத்தைத் தொட்டுவிடுகிறது. அந்தப் பக்கமிருந்து வருகிறவருக்கு ஏற்றம் மெதுவானது. குன்றின் பின்முதுகு வழியே வருவதால் கோபுரம் முன்னால், அதன் பின்னால் சரிந்து விழும் சமவெளி. நான் இந்த வழியையே பரிந்துரைப்பேன். கீழிருந்து ஏறும்போது சீமாட்டி கண்ட காட்சியை நோக்கி நடக்கிறோம். பின்முதுகில் வரும்போது, அவர் தம் மாளிகையிலிருந்து காண முடியாத மறுபக்கத்திலிருந்து கோபுரத்தை அணுகுகிறோம்.

கூரையில் நின்றால் ஈவ்ஷம் சமவெளியின் பழத்தோட்டங்கள், தனித்து நிற்கும் பிரெடன் குன்று, மால்வர்ன் மலைத்தொடர், அதற்கும் மேற்கே வேல்ஸ் நாட்டு மலைகள். பதினாறு மாவட்டங்கள் தெரியும் என்பது பிராட்வேயின் பெருமை. லீத் ஹில்லுக்குப் பதின்மூன்று. இந்த எண்ணிக்கைகளை நான் பெரிதாகக் கொள்வதில்லை. 1974இல் மாவட்ட எல்லைகளை மாற்றி வரைந்தபோது காட்சி மாறவில்லை, கணக்கு மட்டும் மாறியது.

கட்டிய பிறகு இரண்டும் வாழ்ந்த வாழ்க்கையைப் பார்த்தால் ஒப்பீடு இன்னும் கூர்மையாகிறது. எல்லோருக்கும் என்று எழுதி வைத்த கோபுரம் எல்லோருக்கும் மூடிக் கிடந்தது. ஹல் இறந்தபின் கதவும் ஜன்னலும் பறிபோய்ப் பாழடைந்தது. பின்னாளில் மாளிகைக்கு உரிமையாளரான வில்லியம் பிலிப் பெரின் அதைச் சீர்செய்து உயர்த்தினார். ஆனால் உள்ளே கல்லும் சாந்தும் கொட்டி அடைத்துவிட்டதால் ஏற வழியில்லாமல் போயிற்று. 1864இல் வுட்டன் ஊரின் ஈவ்லின் குடும்பத்தார் திறக்க முனைந்தபோது இறுகிய அடைப்பைத் தோண்டி எடுக்க முடியவில்லை. வெளியே, சுவரை ஒட்டிப் படிக்கட்டுத் தூண் ஒன்றைக் கட்டினார்கள். இன்று நாம் ஏறுவது அந்தப் படிகளில். 1923இல் கோபுரம் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்புக்கு வந்தது. ஹல்லின் அழைப்புக்கு நிலையான காவல் கிடைக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஹல்லின் மாளிகையைப் பற்றி ஒரு வார்த்தை. பிற்காலத்தில் அங்கே குடியிருந்தவர் சார்ல்ஸ் டார்வினின் அக்கா கரோலின். டார்வின் வந்து தங்கும்போது, புல்வெளியில் கிடந்த பெரிய கற்கள் மண்புழுக்களின் வேலையால் எப்படி மெல்ல மண்ணுக்குள் அமிழ்கின்றன என்று ஆராய்ந்தார். 1881இல் வந்த அவருடைய மண்புழு நூலில் அந்தக் கற்கள் இடம்பெற்றுள்ளன. தொலைவைப் பார்க்க ஒருவர் கல்லை அடுக்கிய அதே குன்றில், இன்னொருவர் குனிந்து காலடியைப் பார்த்தார். இரண்டும் ஒரே பொறுமையைக் கேட்கும் பார்வைகள். அதே குடும்பத்தில் வந்த இசையமைப்பாளர் வாகன் வில்லியம்ஸ், 1944இல் தமக்கு வந்த அந்த மாளிகையை நேஷனல் டிரஸ்ட்டுக்கே கொடுத்துவிட்டார்.

காட்சிக்காக மட்டும் கட்டிய பிராட்வே கோபுரம் சும்மா நிற்கவில்லை, ஆட்கள் குடியேறினார்கள். கையெழுத்துச் சுவடிகளை வெறியோடு சேகரித்த சர் தாமஸ் பிலிப்ஸ் 1822இல் அங்கே அச்சகம் வைத்தார். பிறகு, ஆசிரியர் கார்மெல் பிரைஸ் அதை வாடகைக்கு எடுத்தார். அவருடைய நண்பர்களான வடிவமைப்பாளர் வில்லியம் மாரிசும் ஓவியர் பர்ன்-ஜோன்சும் விடுமுறைக்கு வந்து தங்கினார்கள். வசதி மிகக் குறைவு. எல்லாப் பொருளும் குன்றேறி வர வேண்டும். குளிப்பதுகூடக் கூரையில், காற்று இடம் கொடுத்தால்தான்.

1876 கோடையில் மாரிஸ் இந்தக் கோபுரத்தில் தங்கியிருந்தார். அந்தப் பயணத்தில்தான் பர்ஃபர்ட் ஊர் தேவாலயத்தில் புதுப்பித்தல் என்ற பெயரில் பழைய வேலைப்பாடுகள் அழிவதைக் கண்டார். அடுத்த ஆண்டு பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். பழையதைப் புதியதாக்காமல், இருப்பதைப் பழுதுபார்த்துக் காப்பதே முறை என்ற அதன் கொள்கை இன்றும் பல நாடுகளின் பாதுகாப்புப் பணிக்கு அடிப்படை. பழைய கோட்டையைப் போல வேடமிட்ட, அப்போது எண்பது வயதுகூட ஆகாத கட்டடத்தில் தங்கியிருந்தவரிடமிருந்து உண்மையான பழமைக்கான குரல் எழுந்தது. மாரிஸ் அந்தக் காற்றில் தங்கியதால்தான் அந்தக் கோபம் கனிந்தது என்று நிறுவ முடியாது. ஆனால் அந்த உயரத்தில் நின்று, கீழே ஒவ்வொரு ஊரிலும் ஒரு தேவாலயக் கூரையைப் பார்த்தால், எத்தனை கட்டடங்கள் ஆபத்தில் இருந்தன என்பது எனக்கு விளங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டில் பிராட்வே குன்று முழுக்கக் காவல் பார்க்கும் இடமானது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களைக் கவனிக்கும் ராயல் அப்சர்வர் கோர் அங்கே பணியாற்றியது. 1943இல் வைட்லி குண்டுவீச்சு விமானம் ஒன்று பயிற்சியின்போது கோபுரத்துக்கு அருகே விழுந்தது. இறந்தவர்களுக்கு அங்கே நினைவுக்கல் இருக்கிறது. பனிப்போர்க் காலத்தில் காவல் மண்ணுக்குள் இறங்கியது. கோபுரத்திலிருந்து சிறிது தொலைவில், சுமார் பதினைந்து அடி ஆழத்தில் ஓர் அறை. மூன்று பேர் தங்கலாம். அணுகுண்டு விழுந்தால் வெடிப்பின் வலிமையையும் திசையையும் குறித்து அனுப்புவது அவர்கள் வேலை. திசையைக் குறிக்கும் கருவி மேலே, நான்கு ஊசித்துளைகள் கொண்ட ஓர் உருளை. வெடிப்பின் ஒளி துளை வழியே உள்ளிருக்கும் ஒளிப்படத் தாளில் பட்டதும் தாள் கறுக்கும். அந்தத் தாளை எடுத்துவர ஒருவர் வெளியே ஏறிப் போக வேண்டும். 1991 வரை அந்த நிலையம் இயங்கியது. நாட்டிலேயே அகன்ற காட்சிகளில் ஒன்று தலைக்கு மேல் விரிந்திருக்க, அதைப் பார்க்க முடியாத பெட்டிக்குள் தன்னார்வலர்கள் பயிற்சி எடுத்தார்கள். லீத் ஹில்லின் வரலாற்றில் இதற்கு இணையாக எதுவும் இல்லை.

ஆகவே எது சிறந்த கோபுரம் என்று கேட்டால் என் விடை இரண்டாகப் பிரியும். கதைக்குப் பிராட்வே. நடைக்கு லீத் ஹில். கடைசி நொடிவரை எதையும் காட்டாத காட்டுப்பாதை, நடப்பதற்கே மதிப்புக் கொடுக்கிறது. வழியில் இருக்கும் ஒவ்வொன்றையும், காலுக்கடியில் நொறுங்கும் பைன் ஊசியைக்கூட, கவனிக்க வைக்கிறது. பிராட்வேயில் கோபுரம் கண்ணைப் பிடித்து இழுப்பதால் வயலையும் வரப்பையும் தவறவிடுகிறோம். ஆனால் லீத் ஹில்லின் இந்தச் சிறப்புக்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மேய்ச்சல் குறைந்தால் புதர்வெளி காடாகிவிடும். மரங்கள் உயர்ந்துகொண்டே போகும். வெட்டியும் மேய்த்தும் திறந்தவெளியைக் காப்பாற்றாவிட்டால், காண்பதற்கென்று கட்டிய கோபுரம் காட்டுக்குள் மூழ்கும். பிராட்வேயின் புல்வெளிக்கு அந்தக் கவலை குறைவு. ஆடுகளே காட்சியைக் காக்கின்றன. சர்ரே குன்றுகள் 1958லும் காட்ஸ்வொல்ட்ஸ் 1966லும் இயற்கை எழில்மிகு பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு கட்டடங்கள் பெருகாமல் தடுக்கும். மரம் வளர்வதை அது தடுக்காது. அதற்கு ஆண்டுதோறும் கையும் அரிவாளும் வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒரு சொல். லீத் ஹில்லுக்குக் குளிர்காலத்தில், மழை பெய்து ஓய்ந்து வடகாற்று வீசும் மறுநாள் காலையில் கிளம்பி நண்பகலுக்குள் உச்சியில் இருங்கள். காற்று கழுவிவிட்டிருக்கும், கடல் தெரிய வாய்ப்பு அதிகம். பிராட்வேயின் காட்சி மேற்கும் வடமேற்கும் பார்த்தது. அங்கே சித்திரை, வைகாசியில் பிற்பகல் போங்கள். கூரைக்கு ஏறக் கட்டணம் உண்டு, மாலையில் மூடிவிடுவார்கள். ஆனால் கோபுரத்தைச் சுற்றிய புல்வெளி வழியே பொதுப்பாதை போகிறது, அதற்கு மூடும் நேரம் கிடையாது.